மதிலிலிருந்து அளக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். ஊர் நடுவில் கல்வெட்டுகள் உள்ள பழைய சிவன் கோயில் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையினர் சென்ற வாரம் கோயில் வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாகக் கோயிலை அறிவிக்க உத்தேசம், ஆட்சேபனை இருந்தால் இரண்டு மாதத்துக்குள் தெரிவிக்கலாம் என்று இருக்கிறது. எங்கள் வீடு 1978-இல் அப்பா கட்டியது. கோயில் மதிலிலிருந்து டேப் வைத்து அளந்ததில் 118 மீட்டர். மகன் கல்யாணத்துக்குள் மாடி எடுக்க நினைத்திருந்தோம். "வீட்டை எடுத்துக்கொள்வார்கள், பூசை நின்றுவிடும்" என்று சொல்லி ஊரில் கையெழுத்து வாங்குகிறார்கள். எனக்கோ கோயில் பிழைக்க வேண்டும். மேற்கு மதில் ஏற்கெனவே சரிந்து கிடக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

ஐயா, அந்தக் கையெழுத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முதலில் அறிவிப்பின் கடைசியில் இருக்கும் அட்டவணையைப் படியுங்கள். உங்கள் மாடி அந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

நீங்கள் 118 மீட்டரை மதிலிலிருந்து அளந்திருக்கிறீர்கள். சட்டம் மதிலிலிருந்து அளப்பதில்லை. 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் சேர்த்த 20ஏ பிரிவு, 'பாதுகாக்கப்பட்ட பரப்பின் எல்லை' எங்கே முடிகிறதோ அங்கிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதி என்கிறது. அது முடிந்த இடத்திலிருந்து இன்னும் 200 மீட்டர், 20பி பிரிவின்படி ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஆக மொத்தம் 300 மீட்டர். தொடக்கக் கோடு எது என்பதை அந்த அட்டவணையில் உள்ள சர்வே எண்ணும், பரப்பளவும், நான்கெல்லையும் தீர்மானிக்கின்றன.

நம் ஊர்களில் கோயிலுக்கென்று ஒரே சர்வே எண்ணில் கட்டடம், நந்தவனம், தோப்பு, தேரடி எல்லாம் உட்பிரிவு இல்லாமல் கிடப்பது சாதாரணம். அட்டவணை தயாரிப்பவர் முழு சர்வே எண்ணையும் எழுதிவிட்டால், எல்லைக்கோடு மதிலைத் தாண்டித் தோப்பின் கடைசி வரப்புக்குப் போய்விடும். உங்கள் பக்கம் தோப்பு 40 மீட்டர் நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் 118 மீட்டர் 78 ஆகிவிடும். 118 என்றால் மாடிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். 78 என்றால் மாடி என்ற பேச்சே கிடையாது. இத்தனை பெரிய வித்தியாசம் ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவில் தொங்குகிறது. ஊரில் சுற்றும் மனுவில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது.

அளக்கும் முறையிலும் ஒரு தவறு நடக்கும். தெருவழியே நடந்து அளப்பார்கள். சட்டத்தின் தூரம் நேர்கோட்டுத் தூரம். நடுவில் பத்து வீடு இருந்தாலும் எல்லைக்கோட்டிலிருந்து உங்கள் மனையின் மிக அருகிலுள்ள முனை வரை காகம் பறக்கும் தூரம்தான் கணக்கு. கிராம வரைபடத்தையும், கோயில் சர்வே எண், உங்கள் சர்வே எண் இரண்டின் எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தக) வரைபடங்களையும் எடுங்கள். வட்ட அலுவலக சர்வேயரிடமோ உரிமம் பெற்ற சர்வேயரிடமோ கொடுத்து, தூரத்தைக் குறித்து, கையொப்பத்துடன் ஒரு வரைபடம் வாங்குங்கள். நீங்கள் நத்தத்தில் இருந்தால் நத்தம் பட்டாவும் அதன் வரைபடமும் தனியாக வேண்டும்.

அறிவிப்பின் முழு நகலைக் கோயில் வாசலில் நின்று எழுதிக்கொள்ள வேண்டாம். மத்திய அரசிதழின் இணையதளத்தில் இரண்டாம் பகுதி, மூன்றாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவில் 'எஸ்.ஓ.' என்று தொடங்கும் எண்ணுடன் அது வந்திருக்கும். அந்த எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டியிருப்பதைத் தேதி தெரியும்படி, பின்னால் கோயில் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். சின்னத்துக்கு அருகே கண்ணில் படும் இடத்தில் நகலை ஒட்டவேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. ஒட்டியதா, எப்போது ஒட்டியது என்பது பின்னால் கேள்வியாகலாம்.

கெடுவை எண்ணுவதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். இரண்டு மாதம் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. உங்கள் ஊரில் காகிதம் ஒட்டிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால் பத்திருபது நாள் ஏற்கெனவே போயிருக்கும். இரண்டு மாதம் என்றால் காலண்டர் மாதம். மார்ச் 12 தேதியிட்டது என்றால் மே 12. அரசு பரிசீலிக்க வேண்டியது 'தனக்குக் கிடைத்த' ஆட்சேபனைகளை என்பதுதான் சட்டத்தின் சொல். அதனால் கடைசி நாளில் தபாலில் போடுவது வேலைக்காகாது. குறைந்தது பத்து நாள் முன்பே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். எந்த முகவரிக்கு என்று அறிவிப்பிலேயே இருக்கும். வழக்கமாகப் புதுதில்லி திலக் மார்க்கில் உள்ள தொல்லியல் துறைத் தலைமை இயக்குநர் அலுவலகம். ஒரு நகலைத் துறையின் திருச்சி வட்டத்துக்கும், இன்னொன்றை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.

இதே முதல் வாரத்தில் ஓர் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனுவும் போட்டுவிடுங்கள். கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசுத் துறை என்பதால் இணையத்திலும் போடலாம். "கோயிலை அறிவிக்கப் பரிந்துரைத்த ஆய்வறிக்கை, பாதுகாக்க உத்தேசித்துள்ள பரப்பின் அளவை வரைபடம், அதில் சேர்த்த சர்வே எண்களின் பட்டியல்" என்று மூன்றை மட்டும் கேளுங்கள். ஏன், எதற்கு என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று பதில் வரும். பதிலுக்கு 30 நாள் அவகாசம் என்பதால் இரண்டாவது மாதத்தில் மனுப் போட்டால் பயன் இல்லை. பதில் வராவிட்டாலும் ஆட்சேபனைக் கடிதத்தை நிறுத்திவைக்காதீர்கள்.

இனி, ஊரில் பேசுகிற இரண்டு பயங்கள்.

வீட்டை எடுத்துக்கொள்வார்களா? சின்னமாக அறிவிப்பதால் 100 மீட்டருக்குள் உள்ள எந்த வீட்டின் உரிமையும் மாறுவதில்லை. பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும், விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். கைகட்டப்படுவது கட்டுமானத்தில் மட்டும். நிலம் எடுக்கும் அதிகாரம் சட்டத்தில் உண்டு, ஆனால் அது சின்னத்துக்கும் பாதுகாக்கப்பட்ட பரப்புக்கும் உரியது. ஆகவே உங்கள் மனையோ வயலோ அட்டவணைக்குள்ளேயே விழுந்திருந்தால் கதை வேறு. உதாரணமாக, தொல்லியல் களமாக அறிவித்த நிலத்தில் சொந்தக்காரரே ஆனாலும் வீடு கட்ட மத்திய அரசின் அனுமதி வேண்டும். உழவு செய்யலாம், ஆனால் ஓர் அடிக்கு மேல் மண் தோண்டக்கூடாது. அட்டவணையில் தன் சர்வே எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பார்க்கவேண்டியது இதனால்தான்.

பூசை நின்றுவிடுமா? தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. அங்கே நித்திய பூசை நடக்கிறது, பிரதோஷக் கூட்டம் நந்தியைச் சுற்றி வழிகிறது, 2020 பிப்ரவரியில் குடமுழுக்கும் நடந்தது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் அப்படியே. வழிபாட்டிடத்தை அதன் தன்மைக்குப் பொருந்தாத காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பதுதான் 16-ஆம் பிரிவு. மாறப்போவது வேறு: மண்டபத்தில் கல்யாணப் பந்தி, கட்சிக் கூட்டம், பட்டிமன்றம் ஆகியவற்றுக்கு இனி அனுமதி வேண்டும். அங்கீகரித்த சமய வழக்கத்தின்படி நடப்பவற்றுக்கு இதே சட்டத்தின் 1959 விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் எது வழக்கம் என்று பின்னாளில் வாதம் வரும். அதனால் உங்கள் கடிதத்தில் ஒரு பத்தியை இதற்கே ஒதுக்குங்கள். எந்த மாதம் என்ன திருவிழா, எந்த நாளில் அன்னதானம், தெப்பமா தேரா, பந்தல் எங்கே போடுவது வழக்கம், எத்தனை தலைமுறையாக என்று எழுதி, பழைய திருவிழா நோட்டீஸ்கள் இருந்தால் நகல் இணையுங்கள். ஊர் மனு எழுதுகிறவர்கள் இந்த ஒரு காரியத்தைச் செய்தால்கூடப் போதும். "வேண்டவே வேண்டாம்" என்று முந்நூறு கையெழுத்து போவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அந்த மனு ஏன் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 4-ஆம் பிரிவின்படி அரசு தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: இது தேசிய முக்கியத்துவம் உள்ள தொன்மைச் சின்னமா? நூறு ஆண்டுக்குக் குறையாத பழமை வேண்டும், வரலாற்று, தொல்லியல் அல்லது கலை மதிப்பு வேண்டும். கல்வெட்டு உள்ள கோயிலில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்ததுதான். மனை விலை குறையும் என்ற கவலை நியாயமானது, ஆனால் அது அந்தக் கேள்விக்கான பதில் அல்ல. ஒரே வாசகத்தை நகலெடுத்து நூறு பேர் கையெழுத்திட்டால் அலுவலகத்தில் அது ஒரே ஆட்சேபனையாகத்தான் கோப்பில் ஏறும். நூறு பேரும் தத்தம் சர்வே எண்ணுடன் தனித்தனியாக எழுதினால் நூறுக்கும் பதில் யோசித்தாகவேண்டும்.

நீங்கள் எழுதவேண்டிய கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் நகலை இணையுங்கள். தில்லியில் படிப்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை கெடு காத்திருக்காது. தலைப்பில் எஸ்.ஓ. எண், தேதி. முதல் பத்தியில் நீங்கள் யார், உங்கள் பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு. சட்டம் 'அக்கறையுள்ள எவரும்' ஆட்சேபிக்கலாம் என்கிறது, அந்த அக்கறை எது என்று இங்கேயே காட்டிவிடவேண்டும். இரண்டாம் பத்தியில், கோயிலை அறிவிப்பதை வரவேற்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆட்சேபனை மட்டும்தான் எழுதலாம் என்று எங்கும் இல்லை. ஆதரவோடு சேர்த்துத் திருத்தம் கேட்பவரின் கடிதத்தை ஆய்வாளர் நிதானமாகப் படிப்பார், அவருக்கும் ஊரில் ஓர் ஆள் வேண்டுமே. மூன்றாவதில் விஷயத்துக்கு வாருங்கள்: அட்டவணையில் கண்ட சர்வே எண் முழுவதையும் சேர்க்காமல், மதிலுக்கு உட்பட்ட பகுதியை மட்டும் உட்பிரிவு செய்து சேர்க்கவேண்டும், கிழக்கே உள்ள தோப்பில் தொன்மையான கட்டுமானம் எதுவும் இல்லை, இதோ எஃப்.எம்.பி., இதோ அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகல், இதோ நான்கு திசையிலும் எடுத்த படங்கள்.

ஒரு எச்சரிக்கை. தோப்பில் ஒன்றுமில்லை என்று எழுதுமுன் போய்ப் பாருங்கள். பழைய செங்கல் அடித்தளம், கைவிட்ட கிணற்றின் கல், சாய்ந்த நந்தி, படித்துறைக் கல்லில் எழுத்து என்று ஏதாவது இருந்தால் அந்தப் பகுதியை நீக்கக் கேட்காதீர்கள். அப்படி ஒரு பொய்யை ஆய்வாளர் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார், உங்கள் மற்ற நியாயமும் அதோடு போகும். அந்தக் கற்கள் இருக்கும் பகுதியை விட்டுவிட்டு மீதியை நீக்கக் கேட்கலாம்.

வீடு 1978-இல் கட்டியது என்பதற்கான சான்றுகளை இப்போதே திரட்டுங்கள்: வீட்டுவரி ரசீதுகள், மின் இணைப்புத் தேதி, பத்திரம், வில்லங்கச் சான்று. 20சி பிரிவு, தடைசெய்யப்பட்ட பகுதியில் 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்த கட்டடத்துக்கும், அதற்குப் பிறகு தலைமை இயக்குநரின் ஒப்புதலுடன் கட்டியதற்கும்தான் பழுதுபார்க்க விண்ணப்பிக்கும் வழியைச் சொல்கிறது. நீங்கள் தப்பித்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் 2004-இல் கட்டியிருந்தால்? அப்போது இந்தக் கோயில் சின்னமே இல்லை, யாரிடம் ஒப்புதல் வாங்கியிருப்பார்? பிரிவின் வாசகம் இப்படிப்பட்டவரை அந்தரத்தில் நிறுத்துகிறது. அவர் தன் கடிதத்தில் இதைச் சொல்லி, ஊராட்சி அனுமதியையும் வரி ரசீதையும் இணைத்து, அறிவிப்புக்கு முன்பே சட்டப்படி இருந்த கட்டடமாகத் தன் வீட்டைப் பதிவு செய்யக் கேட்கவேண்டும். ஊரில் உண்மையாகவே ஆட்சேபிக்கக் காரணம் உள்ளவர்கள் இவர்கள்தாம். மனு எழுதுபவர்கள் இவர்களைத்தான் முதலில் உட்காரவைத்துப் பேசவேண்டும்.

உங்கள் மாடிக்கு வருவோம். வீடு ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் விழுந்தால், இறுதி அறிவிப்பு வந்தபின் உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கவேண்டும். அவர் 15 நாளில் தேசியச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்புவார், ஆணையம் இரண்டு மாதத்தில் தன் கருத்தைச் சொல்லவேண்டும், அது கிடைத்து ஒரு மாதத்தில் அனுமதி அல்லது மறுப்பு வரவேண்டும். காகிதத்தில் நாலு மாதத்துக்குள் முடிகிற வேலை. இழுப்பது பெரும்பாலும் விண்ணப்பதாரரின் குறைகளால்: தூரம் காட்டும் வரைபடம் இல்லாதது, இப்போதுள்ள கட்டடத்தின் வரைபடம் இல்லாமல் புதியதை மட்டும் கொடுப்பது, உயரத்தைத் தளம் வரை மட்டும் காட்டுவது. ஆணையம் உயரத்தைப் பேசும்போது கைப்பிடிச் சுவர், மாடிப்படிக் கூண்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்துத்தான் பேசும். ஊராட்சியின் கட்டட அனுமதி தனி. அது கையில் இருக்கிறதென்று தொடங்கிவிட்டுப் பின்னால் நோட்டீஸ் வாங்கியவர்கள் நிறைய. அனுமதியில்லாமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

100 மீட்டருக்குள் விழுந்தால் பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் மட்டும், அதற்கும் அனுமதி வாங்கித்தான். ஓடு மாற்றலாம், உத்தரம் மாற்றலாம், பூச்சு பூசலாம், தரை போடலாம். பக்கவாட்டிலோ மேலேயோ ஒரு முழம் நீண்டாலும் அது 'கட்டுமானம்'. இங்கேதான் கொத்தனார் பேச்சைக் கேட்டுக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. பழுதுபார்க்க அனுமதி வாங்கிவிட்டு, "சுவர் உப்பு அரித்துப்போச்சு, இடிச்சிட்டு அதே அளவுல எழுப்பிடலாம்" என்று அடிவாரம் வரை இடித்துவிடுவார்கள். அதே நீள அகல உயரத்தில் எழுப்பினாலும் சட்டத்தில் அது 'மறுகட்டுமானம்', தடைசெய்யப்பட்ட பகுதியில் அதற்கு இடமில்லை. இடித்த பிறகு பழுதுபார்க்கவும் ஒன்றும் மிச்சமிருக்காது. சுவரைப் பகுதி பகுதியாக முட்டுக்கொடுத்து மாற்றுங்கள், ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து வையுங்கள்.

"இந்த இரண்டு மாதத்துக்குள் அவசரமாக மாடியைப் போட்டுவிடலாமா" என்று அடுத்துக் கேட்பீர்கள். தடை இறுதி அறிவிப்போடுதான் தொடங்குகிறது, இறுதி அறிவிப்புக்குச் சட்டம் கெடு வைக்கவில்லை. முறையான கட்டட அனுமதி ஏற்கெனவே கையில் இருந்தால் தொடங்குவது சட்டவிரோதமில்லை. ஆனால் தூண் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்போது இறுதி அறிவிப்பு வந்து, எல்லைக்கோடு உங்களை 100 மீட்டருக்குள் தள்ளினால், அந்தக் கம்பி துருப்பிடித்து அப்படியே நிற்கும். அனுமதி இல்லாமல் அவசரமாக எழுப்பியது பின்னால் 'முன்பே இருந்த கட்டடம்' என்ற கணக்கிலும் வராது. முதலில் தூரம், பிறகு திருத்தக் கோரிக்கை, அதன் போக்கைப் பார்த்துத்தான் கல் மணல். கல்யாணத்தை மாடிக்காக நிறுத்தாதீர்கள்.

கிராம சபைத் தீர்மானம் உதவுமா என்றால், 4-ஆம் பிரிவில் அதற்கென்று தனி இடமில்லை, ஆனாலும் இணைப்பாக எடை உண்டு. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடுகிறது. உங்கள் கெடுவுக்குள் எது விழுகிறதோ அதில், "கோயிலைச் சின்னமாக அறிவிப்பதை ஏற்கிறோம், எல்லையை இன்ன உட்பிரிவோடு நிறுத்தவேண்டும், இன்னின்ன திருவிழா வழக்கங்களைப் பதிவு செய்யவேண்டும்" என்று மூன்று வரித் தீர்மானம் போதும்.

இறுதி அறிவிப்போடு மக்கள் கருத்துக்கான கதவு மூடிவிடுவதில்லை. 20ஈ பிரிவின்படி ஒவ்வொரு சின்னத்துக்கும் மரபுத் துணைவிதிகள் எழுதவேண்டும். சுற்றியுள்ள பகுதியில் எத்தனை உயரம், முகப்பு எப்படி, கூரை எப்படி, வடிகால் எப்படி என்று. வரைவை ஆணையம் வெளியிட்டு 30 நாள் கருத்துக் கேட்கும். ஓட்டுக்கூரைத் தெருவில் எந்த உயரம் நியாயம், திண்ணைக்குமேல் என்ன நிழல் வேண்டும் என்றெல்லாம் ஊர்க்காரர் சொல்லவேண்டிய இடம் அதுதான். அது உங்கள் வாசலில் ஒட்டப்படும் என்று காத்திருக்காமல், மாதம் ஒருமுறை ஆணையத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பவேண்டாம். 35-ஆம் பிரிவில் பட்டியலிலிருந்து நீக்க வழி இருக்கிறது. 2024 மார்ச்சில் அப்படி 18 சின்னங்களை நீக்கும் அறிவிப்பு வந்தது. அவையெல்லாம் இருந்த இடமே தெரியாமல் போனவை, அல்லது தேசிய முக்கியத்துவத்தை இழந்தவை என்று துறை முடிவு செய்தவை. நிற்கிற கோயிலுக்கு அந்தக் கதவு திறக்காது. நீதிமன்றத்துக்குப் போனாலும், இறுதி அறிவிப்பே தேசிய முக்கியத்துவத்துக்கு முடிவான சான்று என்று சட்டம் சொல்வதால், அங்கே வாதாட மிச்சமிருப்பது நடைமுறைக் குறைகள்தான்: நகல் ஒட்டவில்லை, கெடுவுக்குள் வந்த ஆட்சேபனையைப் பரிசீலிக்கவில்லை என்பது போல. உங்கள் ஸ்பீடு போஸ்ட் ரசீதும் சுவரொட்டிப் படமும் அப்போது பேசும்.

கடைசியாக அந்த மேற்கு மதில். அறிவிப்பு வரும்வரை கிடக்கட்டும் என்றும் விடாதீர்கள், நாமே சிமெண்ட் வைத்துக் கட்டிவிடலாம் என்றும் இறங்காதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் சிமெண்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் உப்பாகப் படிந்து, கல்லின் முகமே செதில் செதிலாக உரியும். அறநிலையத் துறை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, விழுந்த கற்களை விழுந்த இடத்திலேயே முதலில் படம் எடுங்கள். பிறகு வரிசை மாறாமல் மதிலோரம் அடுக்கி, வெளியில் தெரியாத பக்கத்தில் சிறிதாக எண் இடுங்கள். எழுத்துள்ள கற்களைத் தரையில் படாமல் மரக்கட்டைமேல், எழுத்துப் பக்கம் மேலே தெரிய வைத்துத் தகரக் கூரை போடுங்கள். துணி துவைக்கவும் வாசற்படிக்கும் இரண்டொரு கல் ஏற்கெனவே தெருவுக்குப் போயிருக்கும். யார் வீட்டில் என்று உங்களுக்குத் தெரியும். ஆய்வாளர் வருவதற்குள் போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள்.